இரண்டு வார ஆசிரியர்கள்

நேபாள மலைக் கிராமத்தில் ஒரு தாமாங் இனக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் நுழைந்ததுமே மூன்று மொழிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் தாமாங், பாடநூலில் நேபாளி, அடுத்த பாடவேளையில் ஆங்கிலம். 2003 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு. அதை நடத்தும் ஆசிரியர்கள் பலருக்கோ ஆங்கிலம் பேசிப் பழகும் வாய்ப்பே அமைந்ததில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வெளிநாட்டு இளைஞர்கள் தன்னார்வலர்களாக வந்து இறங்குகிறார்கள். அவர்களுடைய நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. அதனால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

கிடைப்பது உண்டு. மொழி முதலில் காது வழியாகத்தான் வரும். எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்து பழகிய பிள்ளை, ஒருவர் தன் முகம் பார்த்து ஆங்கிலத்தில் பேசும்போது, அது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல என்று முதன்முறையாக உணர்கிறது. தப்பாகச் சொன்னாலும் ஏச்சு விழாது என்ற தைரியம் பிறக்கிறது. மலையேற்றப் பயணிகளை நம்பி வாழும் ஊர்களில் அந்தத் தைரியம் நாளைக்குச் சோறும் போடும்.

ஆனால் வகுப்பறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். வந்தவர் நிறங்களின் பெயர்களைச் சொல்லித் தருகிறார். ஒரு பையனின் சட்டையைத் தொட்டு ‘ரெட்’, சன்னலுக்கு வெளியே மரத்தைக் காட்டி ‘கிரீன்’. இரண்டு வாரம் முடிகிறது. நெற்றியில் திலகமிட்டு, சாமந்தி மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். அடுத்தவர் வருகிறார். பிள்ளைகள் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல ஆளில்லை. எழுதி வைத்த குறிப்பும் இல்லை. மறுபடியும் அதே சட்டை, அதே ‘ரெட்’. பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம் கற்கிறார்களே என்று அவர் பூரித்துப்போகிறார். வகுப்பாசிரியரோ அந்த நேரத்தில் வாசலில் நிற்கிறார். ஆண்டு முழுவதும் பாடம் நடத்தும் அவர், பிள்ளைகளின் கண்ணெதிரே இரண்டாம் பட்சமாகிவிடுகிறார். இதுதான் பெரிய சேதம்.

இடையில் தரகு நிறுவனங்கள் வேறு. தன்னார்வலர்களிடம் கட்டணம் வாங்குகின்றன, அதில் பள்ளிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று கட்டியவருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்ய நேபாளம் அனுமதிப்பதில்லை என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

1968-இல் மெக்சிகோவில், தொண்டு செய்யத் திரண்ட அமெரிக்க மாணவர்களிடமே, உதவ வரவேண்டாம் என்று சிந்தனையாளர் இவான் இல்லிச் முகத்துக்கு நேரே சொன்னார். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. ஏனென்றால் இந்தப் பணி திருத்திக்கொள்ளக் கூடியது. 1958-இல் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களை அனுப்பித் தொடங்கிய பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பு, பிற்காலத்தில் தொழில் தெரிந்த, அனுபவமுள்ளவர்களைத் தேடி அனுப்பும் நிலைக்கு மாறியது. 1961-இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் தன் ஆட்களுக்கு உள்ளூர் மொழியில் பயிற்சி தருகிறது. சுமார் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டு பணி. அவற்றிலும் குறைகள் உண்டு. ஆனாலும் ஊரின் பேச்சு பிடிபடவே மாதங்கள் ஆகும் என்பதை அவை ஒப்புக்கொள்கின்றன.

ஆகவே, போக நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால், மலையைப் பாருங்கள், அந்த ஊர்க் கடையில் செலவு செய்யுங்கள், வகுப்பறைக்குள் போகாதீர்கள். ஓர் ஆண்டு தர முடியும் என்றால், முதலில் நேபாளி படியுங்கள். பிறகு வகுப்பாசிரியரை வாசலுக்கு அனுப்பாமல் அவர் பக்கத்தில் நின்று, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய மறுநாளும் அந்தக் கரும்பலகை முன்னால் நிற்கப்போகிறவர் அவர்தான்.