டவுன் என்றால் பட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'வில்லா' விற்கிறார்கள். விலை கோடிகளில். லத்தீனில் வில்லா என்றால் வயலோடு சேர்ந்த பண்ணை வீடு. அங்கே வேலை பார்த்தவன் வில்லானஸ். இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது பண்ணையாள் என்றிருந்தது, அப்புறம் நயம் தெரியாதவன் ஆகி, கடைசியில் அயோக்கியன் ஆகிவிட்டது. பி.எஸ்.வீரப்பாவுக்கும் நம்பியாருக்கும் நாம் கொடுத்த 'வில்லன்' பட்டம் ஏதோ ஒரு ஏழைக் கூலிக்காரனுடையது. வீட்டு விலை ஏறிவிட்டது, ஆள் விலை இறங்கிவிட்டது!

ஆங்கிலத்தில் இப்படி ஒரு கூட்டமே உண்டு. 'பேகன்' லத்தீன் கிராமத்தான். கிறிஸ்தவம் வந்தபின் உண்மையான சாமி தெரியாதவன். முரடனைக் குறிக்கும் 'பூர்' டச்சு விவசாயியின் பெயர். அமெரிக்க 'ரெட்நெக்', வெயிலில் குனிந்து வேலை செய்து கழுத்து சிவந்தவன். ஒன்றுகூட ஒருவன் செய்த தப்பிலிருந்து பிறந்த திட்டு இல்லை. எங்கே இருந்தான், என்ன வேலை செய்தான் என்பதுதான் குற்றம்.

நம் ஊருக்கு வந்த சரக்கு 'கண்ட்ரி ப்ரூட்'. பழைய படங்களில் பணக்கார வீட்டுப் பெண் ஹீரோவைப் பார்த்துச் சீறுவாரே, அது. இந்த 'கண்ட்ரி'யின் கதை சுவாரஸ்யமானது. 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, இந்தியாவில் தயாரான பொருள்களை ஐரோப்பியச் சரக்கிலிருந்து பிரித்துக்காட்ட, கொஞ்சம் இளக்காரத்தோடு வெள்ளைக்காரர்கள் போட்ட அடைமொழி என்கிறது. சீமைச் சரக்கு, நாட்டுச் சரக்கு. அந்தக் கணக்கில் மவுண்ட் ரோட்டில் கோட்டுப் போட்டு நடந்த குமாஸ்தாவும் கண்ட்ரிதான். துரைமார்கள் கப்பலேறியதும் அவர் அந்தச் சீட்டைத் தன் முதுகிலிருந்து கழற்றி கிராமத்தான் முதுகில் ஒட்டிவிட்டார்.

இப்போது நாட்டுக்கோழி பிராய்லரைவிட விலை ஜாஸ்தி. நாட்டுச் சர்க்கரைக்குத் தனி ஷெல்ஃப். நாட்டுப்புறவியலில் பி.எச்டி. வாங்கலாம். நாட்டுப்புறத்தான் மட்டும் இன்னும் மலிவு.

சினிமா இதை மாற்றப் பார்த்ததே என்பீர்கள். 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' சூப்பர் ஹிட். சிவாஜியின் மூக்கையன் கம்பீரமானவர், சந்தேகமில்லை. ஆனால் பட்டணத்து மனைவியை வழிக்குக் கொண்டுவர அவரே ஹிப்பி வேஷம் போட வேண்டியிருக்கிறது. திட்டைத் திருப்பி அடிக்கிறார்களே தவிர, அதன் அர்த்தமின்மையைத் தொடவில்லை.

அர்த்தமின்மை என்று ஏன் சொல்கிறேன் என்றால், 'டவுன்' என்ற சொல்லையே பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'டூன்'. வேலி போட்டு அடைத்த இடம், பண்ணை. அதன் உறவுச் சொல்லுக்கு ஜெர்மனில் இன்றைக்கும் வேலி என்றுதான் பொருள். தமிழில் பட்டி என்றால்? ஆடு மாடு அடைக்கும் இடம். அப்புறம் ஊர். கோவில்பட்டி, ஆண்டிபட்டி. ஆக டவுன்காரனும் பட்டிக்காட்டானும் ஒரே தொழுவத்துப் பிள்ளைகள்!

டவுன், வேலி இரண்டும் சேர்ந்தே இருக்கிற ஊர் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது கருப்பாக ஏதோ வந்தது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. கிராமங்கள் காலியாகின. வட்டம் 1, வட்டம் 2 என்று எண் போட்டு, மரம் வைத்த தெருக்களோடு டவுன்ஷிப் எழுந்தது. அதை ஒட்டியே வடக்குத்து, ஊராட்சிக் கணக்கில் கிராமம். 'டவுன்ஷிப்புக்குள்ள', 'வெளியில' என்று சொல்லும்போது குரலில் ஏறி இறங்கும் சுருதியை அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். உள்ளே எரிகிற விளக்கு யார் நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது என்பது அந்தச் சுருதியில் இல்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெல்லின் மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின, சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட. ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். விளைந்த பயிரை அறுக்கும்வரை பொறுக்கத் தெரியாததற்கு எந்த அகராதியும் 'பட்டணத்துத்தனம்' என்று பெயர் வைக்கவில்லை. 'பட்டிக்காட்டுத்தனம்' மட்டும் தயாராக இருக்கிறது.

ஆபீஸ் ஃபைல்களில் இவர்கள் 'ப்ராஜெக்ட் அஃபெக்டட் பர்சன்'. சுருக்கமாக பி.ஏ.பி. திட்டு இல்லைதான், ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி, திட்டம் பிடித்தவர். நெய்வேலிப் பக்கத்தில் சொல்வது வேறு: 'வீடு, நிலம் கொடுத்தவங்க'. அந்தக் 'கொடுத்த' ஆங்கிலத்துக்குப் போகும்போது எங்கேயோ விழுந்துவிட்டது.