பாவனையின் நேர்மை

குழந்தையைக் காட்டிப் பார்வையாளரைக் கலங்கவைப்பது குறும்படத்துக்கு எளிது. குழந்தையின் கற்பனையைக் கொண்டு கலங்கவைப்பது அரிது. முன்னதற்கு ஒரு முகம் போதும். பின்னதற்கு வடிவம் வேண்டும். இந்த வேறுபாட்டை அளக்கும் கோல் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில், போர் முடிவைக் காட்டும் படுகளத்தில் கிடக்கும் துரியோதனன், ஊர் மண்ணைக் குழைத்துச் செய்த உருவம். செய்யும்போது சுற்றி நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளே, பீமன் வேடமிட்ட கூத்துக் கலைஞர் அதன் தொடையில் அடிக்கும்போது மூச்சடக்கி நிற்கிறார்கள். அது மண் என்பதை அவர்கள் மறக்கவில்லை; தெரிந்தபடியே நெகிழ்கிறார்கள். பொருளை மறைக்காமல் அதற்கு உயிர் தருவதே பாவனையின் நேர்மை. குறும்படத்தையும் இதைக் கொண்டே எடைபோடலாம்.

ஆல்பர் லாமொரீஸின் ‘சிவப்பு பலூன்’ (1956), தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய சிறார் திரையிடல் வழியே நம் வகுப்பறைகளுக்கும் வந்த படம். அதன் பெரும் சிறப்பு அடக்கம். பலூனுக்கு முகம் வரையவில்லை, குரல் கொடுக்கவில்லை. சிறுவனும் பலூனும் ஒரே சட்டகத்தில், படத்தொகுப்பு வெட்டின் துணையின்றி நட்பாவதையே திரை விமர்சகர் ஆந்த்ரே பசான் போற்றினார். பலூன் காற்றிழந்து மெல்லச் சுருங்கும் காட்சியில் நாம் காண்பது வெறும் ரப்பர், துக்கமோ முழுமையானது. குறை முடிவில் இருக்கிறது. பாரிஸின் பலூன்கள் எல்லாம் திரண்டு சிறுவனைத் தூக்கிச் செல்கின்றன. பலூனுக்குத் தன்விருப்பம் உண்டு என்பது தொடக்கத்திலேயே நிறுவப்பட்டதால் இதில் தர்க்கப் பிழை இல்லை. ஆனால் இழப்பைத் தாங்கும் பொறுப்பைச் சிறுவனின் மனத்திடமிருந்து படம் வாங்கிக்கொள்கிறது. அவன் கற்பனை செய்யவேண்டியதை இயக்குநரே நிகழ்த்தித் தருகிறார்.

சத்யஜித் ராயின் ‘டூ’ (1964) அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. மாளிகைச் சிறுவனும் வெளியே குடிசைச் சிறுவனும் ஜன்னல் வழியே விளையாட்டுப் பொருள்களால் போட்டியிடுகிறார்கள். உரையாடல் ஒன்றுகூட இல்லை. குழலுக்கு எதிராக ஊதுகருவி, முகமூடிக்கு எதிராக முகமூடி என்று எதிரெதிராக அடுக்கும் ஒழுங்கு சற்று மிகை. சிறுவர்கள் வகைமாதிரிகளாகச் சுருங்கும் ஆபத்து அதில் உண்டு. துப்பாக்கியால் பட்டம் வீழ்த்தப்பட்ட பிறகு படம் அந்த ஆபத்தைக் கடக்கிறது. வெளியிலிருந்து மீண்டும் குழலோசை வருகிறது. உள்ளே இயந்திர மனிதன் தானாக நடந்து, அடுக்கிய கோபுரத்தைச் சரிக்கிறது. பொம்மை பொம்மையாகவே இருக்கிறது. வென்றவனின் தனிமையை விளக்க ராய் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அந்த உணர்வைக் கூட்டி அறியும் வேலையை நம்மிடம் விடுகிறார்.

கூத்தையே பொருளாக்கிய தமிழ்க் குறும்படம், எஸ். ராமகிருஷ்ணன் எழுத்தில் முரளி மனோகர் இயக்கிய ‘கர்ண மோட்சம்’. நகரில் நிகழ்ச்சி நின்றுபோய்த் தவிக்கும் கூத்துக் கலைஞரிடம் உணவகச் சிறுமி ஒருத்தி ஆட்டம் கற்க விரும்புகிறாள். அழியும் கலையின் வாரிசாக, பிழைப்புக்கு உழைக்கும் ஒரு குழந்தையைக் கண்டது சிறந்த தேர்வு. எனினும் படத்தின் பரிவு கலைஞரின் நலிவிலேயே நிலைகொள்கிறது. அவள் ஆசை தெரிகிறது. அவள் மனத்தில் கர்ணன் என்ன உருக்கொண்டான் என்பது தெரியவில்லை. கண்ணீர் உண்மையானது, ஆனால் அது பெரியவர்களின் கண்ணீர்.

மூன்றில் முதலிடம் ‘டூ’வுக்கே. ‘சிவப்பு பலூன்’ செய்நேர்த்தியில் அதற்கு இணை, முடிவில் ஒரு படி கீழ். ‘கர்ண மோட்சம்’ கருவில் நமக்கு மிக அணுக்கம், குழந்தையின் அகத்தில் மூன்றாவது. இன்று குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் குழந்தையின் அழுகையை அண்மைக் காட்சியில் வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. குழந்தை எதை எதுவாகக் கொள்கிறது, அந்தப் பாவனை எந்த விதிப்படி நடக்கிறது, அது உடையும்போது குழந்தை எதை இழக்கிறது ஆகிய மூன்றுக்கும் காட்சியிலேயே விடை வேண்டும். விடை தராத படம் நம்மை அழவைத்தாலும் குழந்தையை அறியவில்லை.