மரண வாசல்வரை சென்று மீண்டவர்கள்

நமது பங்கைச் சேர்ந்த சங்கு குளியாளி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் கடலடியில் மூச்சு முட்டி நினைவிழந்தார். தோழர்கள் அவரை வள்ளத்தில் ஏற்றி, நெஞ்சை அமுக்கி உயிர் மீட்டனர். வீடு திரும்பியவரிடம் ஊரார் கேட்டது ஒன்றே: “அங்கே என்ன பாத்தீரு?” அவர் ஒன்றும் பார்க்கவில்லை. “ஒரே இருட்டுதான் சாமி. ஆண்டவருக்கு நான் வேண்டாமோ?” என்று நம்மிடம் வந்து அழுதார். அன்றுமுதல் நற்கருணை வாங்கவும் முன்வருவதில்லை.

ரெய்மண்ட் மூடியின் ‘லைஃப் ஆஃப்டர் லைஃப்’ என்னும் நூலை நாம் மீண்டும் எடுத்துப் படித்தது இதனால்தான். 1975-ல் வெளிவந்த இந்நூல் ஏறத்தாழ 150 பேரின் அனுபவங்களை ஆராய்கின்றது: இருண்ட சுரங்கவழி, உடலை விட்டு மிதத்தல், இறந்துபோன உறவினர், அன்பு ததும்பும் ஒளி. நூலாசிரியர் அடக்கமுள்ளவர், மறுவாழ்வை நிரூபித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அவரை மேற்கோள் காட்டும் நம் தியானப் பிரசங்கிகளுக்குத்தான் அந்த அடக்கம் வாய்க்கவில்லை! நூலின் குறை வேறு. சொல்லக் கதை உள்ளவர்களே அதில் பேசுகின்றனர். ஒன்றும் காணாதவர்க்கு அங்கே இடம் மிகக் குறைவு.

கண்டவர்களும் ஒன்றையே கண்டார்களில்லை. சத்வந்த் பஸ்ரிச்சாவும் ஐயன் ஸ்டீவன்சனும் 1986-ல் வட இந்தியர் 16 பேரைப் பற்றி எழுதினர். அங்கே ஒளி இல்லை. எமதூதர் இழுத்துச் செல்கின்றனர், ஏட்டைப் பார்த்தவர் ஆள் மாறிவிட்டதென்று திருப்பி அனுப்புகிறார். இதை வெறும் புறச்சமயக் கதையென்று ஒதுக்க வேண்டாம். ஆறாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் ‘உரையாடல்கள்’ நூலில் இதையே சொல்கிறார்: கான்ஸ்டாண்டிநோபிளில் இறந்த ஸ்தேவான் என்பவரை, நாம் அழைத்தது கொல்லன் ஸ்தேவானை என்று மறுமையின் நடுவர் திருப்பி அனுப்ப, கொல்லன் அப்பொழுதே இறக்கின்றான்.

ஆக, அவரவர் ஊரின் உருவங்களே அவரவர்க்குத் தோன்றுகின்றன. அவற்றைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. ஆறுதல் பெற்றவர் பெறட்டும். ஆயினும் அவை வெளிப்பாடு அல்ல. மனிதர் இறப்பது ஒருமுறையே என்கிறது எபிரேயர் திருமுகம் (9:27). மீண்டவர் வாசலருகே நின்றவரே. கல்லறையில் நான்கு நாள் கிடந்த இலாசர் என்ன கண்டார் என்று யோவான் ஒரு சொல்லும் எழுதவில்லை. நம் ஆண்டவரின் சாவு வேளையிலோ நண்பகல் முதல் மூன்று மணிவரை நாடெங்கும் இருள்தான்.

நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் உள்ளவர்க்கு மட்டும் உரியதன்று என்று 1963-லேயே சங்கம் அறிவித்தும், நம் கடற்கரையில் அதற்கு ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பெயர் நீங்கவில்லை. உயிர் மீண்டு நடமாடுபவரின் அவஸ்தையை யார் கேட்பது? குளியாளிக்கு நாம் முதலில் அந்த நண்பகல் இருளைப் படித்துக் காட்டினோம். பின்னர், ஹாலந்து மருத்துவர் பிம் வான் லொமெல் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னோம்: இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரில் 62 பேருக்கே இத்தகைய அனுபவம் நினைவிருந்தது.

சங்கு எண்ணிப் பழகியவர். உடனே கழித்துப் பார்த்தார். “அப்போ மிச்சம் 282 பேரும் என்னைப் போலத்தானா சாமி?”

அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு வந்தார். கடலுக்கு மட்டும் இன்னும் போகவில்லை.