ஆற்றுப்படையும் காட்சிச் செலவும் : குருசுக்குப்பக் கடற்கரை பற்றிய ஒரு நோக்கு

விடுமுறை நாட்களில் இயற்கை வளமும் பழைய வரலாறும் உடைய ஊர்களுக்குச் சென்று கண்டு வருதல் இக்காலத் தமிழரிடையே பெருவழக்காகிவிட்டது. அவ்வழக்கின் பயனாக ஒருவகை உரைநடையும் வளர்ந்துள்ளது. சுற்றுலாக் கட்டுரை, வழிகாட்டி நூல், அரசும் தனியாரும் வெளியிடும் சிறுவெளியீடு எனப் பல வடிவங்களில் அது வழங்குகிறது. இத்தகைய எழுத்து இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியதன்று என ஒதுக்குவார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. ஒரு காலத்து மக்கள் நிலத்தையும் அதில் வாழ்வாரையும் எந்நோக்கில் கண்டனர் என்பதனைக் காப்பியத்தைவிட இத்தகைய எளிய எழுத்தே சில வேளைகளில் வெளிப்படையாகக் காட்டிவிடும். அன்றியும், பயண இலக்கியம் பற்றி எழுதுவோர் பலர் இதற்கு ஆற்றுப்படையை மூதாதையாகக் காட்டுகின்றனர். அவ்வுறவு பொருந்துமா என்பதே ஈண்டு எம் வினா. சான்றுக்குரிய நிலமாகப் புதுவைக் கடற்கரையை, சிறப்பாகக் குருசுக்குப்பத்தைக் கொண்டோம்.

குருசுக்குப்பம், புதுவையில் வெள்ளை நகர் எனப்படும் பகுதிக்கு வடக்கே கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர். 'குருசு' என்பது போர்ச்சுகீசிய மொழியினின்று தமிழ்க் கிறித்தவர் வழக்கிற் புகுந்து சிலுவையைக் குறிக்கும் சொல். 'குப்பம்' என்பதோ இக்கடற்கரை நெடுகிலும் வழங்கும் ஊர்ப்பெயர் ஈறு. புதுவையின் வரலாற்றை ஆராயப் புகுவோனுக்கு இப்பெயர் ஒன்றே போதிய தூண்டுதலாகும். எனினும் வழிகாட்டி நூல்களுள் இவ்வூருக்கு இடமில்லை. காந்தியடிகள் சிலை, 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், அரவிந்தர் ஆசிரமம், மஞ்சள் வண்ணச் சுவர்களையுடைய தெருக்கள் என வரிசையாகச் சொல்லி வரும் உரைநடை, கடற்கரைச் சாலை முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலும் கடல் உண்டு, கரை உண்டு, மக்கள் உண்டு. அவை 'காணத்தக்கவை' என்னும் தலைப்பின்கீழ் அடங்குவதில்லை.

இவ்வுரைநடையின் இயல்பை அதன் வினைமுற்றே காட்டும். 'காணலாம்', 'களிக்கலாம்', 'நடக்கலாம்', 'இளைப்பாறலாம்', 'சுவைக்கலாம்' என வாக்கியந்தோறும் 'ஆம்' ஈற்று வினையே வருகிறது. இவ்வினை திணை, பால், எண், இடம் எவற்றையும் காட்டுவதில்லை. காண்பவன் யார் என்பதும் மறைகிறது. காட்டுபவன் யார் என்பதும் மறைகிறது. 'இங்கே மீன் உணவு சுவைக்கலாம்' என்னும் தொடரில் மீனைப் பிடித்தவனுக்கும் ஆக்கியவளுக்கும் இடமில்லை. உலகம் முழுவதும் நுகர்வோன் ஒருவனுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்னும் எண்ணம் அவ்வினைமுற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

இனி, இதன் மூதாதை எனப்படும் ஆற்றுப்படைக்கு வருவோம். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. அவற்றுள் புதுவைக்கு மிக அண்மையில் உள்ள நிலத்தைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிகளையுடைய அப்பாட்டு, பாணனை முதலில் எயிற்பட்டினத்திற்கும், பின்னர் வேலூருக்கும், அதன்பின் ஆமூருக்கும் செலுத்தி, இறுதியில் தலைநகராகிய கிடங்கிலில் கொண்டு சேர்க்கிறது. எயிற்பட்டினம் புதுவைக்கு வடக்கே மரக்காணத்தை அடுத்த கடற்கரை என அறிஞர் பலர் கொள்வர். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதி. ஆகவே குருசுக்குப்பத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் நத்தத்தனாரின் நெய்தலை அடைந்துவிடலாம்.

அந்நெய்தற் பகுதியில் இயற்கை வருணனைக்குக் குறைவில்லை. அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளுக்கு, உறங்கிக் கிடக்கும் ஒட்டகத்தை உவமையாக்குகிறார் புலவர். தமிழ்க் கடற்கரையில் ஒட்டகத்தைக் கண்ட கண் எதுவோ என வியக்கத் தோன்றும். ஆயினும் அக்காட்சி காட்சியளவில் நிற்கவில்லை. அம்மரமே விறகாகிறது. அவ்விறகால் எரித்த தீயில் நுளையர் மகள் அரித்த தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகின்றனர். சுட்ட குழல்மீன் வீடுதோறும் கிடைக்கும் என்கிறது பாட்டு. வேலூரில் எயினர் மகளிரும் ஆமூரில் உழவர் வீட்டாரும் அவ்வாறே சோறிடுகின்றனர். அழகிய பொருள் அடுத்த அடியில் அடுப்புக்குச் சென்றுவிடுகிறது. நிலம் உணவாகி விருந்தாக வந்து சேர்கிறது. வினைமுற்றும் 'பெறலாம்' என்னும் வாய்பாட்டில் அமையவில்லை. நீவிர் பெறுவீர் என்னும் பொருள்படும் முன்னிலைப் பன்மை எதிர்கால வினையே வருகிறது. பெறுவோர் உண்டெனின் தருவோரும் உண்டு என்பது இலக்கணத்தாலேயே பெறப்படும்.

வேறுபாட்டின் வேர் இதனினும் ஆழமானது. ஆற்றுப்படுத்தப்படுபவன் பசித்தவன். நத்தத்தனார் பாணனது அடுக்களையைக் காட்டும் பகுதி சங்க இலக்கியத்திலேயே மிகக் கொடிய வறுமையின் ஓவியம். குப்பையில் முளைத்த கீரையை உப்புமின்றி வேகவைத்து, பிறர் காணுதற்கு நாணிக் கதவையடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் மனைவி அதில் வருகிறாள். வழி சொல்பவனும் அப்பசியை அறிந்தவன். அண்மையில் பரிசில் பெற்று மீள்பவன். ஒரு பசித்தவன் மற்றொரு பசித்தவனுக்குச் சொல்லும் செய்தி ஆற்றுப்படை. விடுமுறைச் செலவினன் பசியால் புறப்படுபவனல்லன். அவன் யாருக்கும் கடமைப்படுவதில்லை. கொடுத்த பணத்தோடு கணக்கு முடிந்தது. வழியும் ஊர்களும் முறையாகச் சொல்லப்படுகின்றன என்னும் புற ஒப்புமை ஒன்றுகொண்டு இவ்விரண்டையும் ஒரு குலமெனல் பொருந்தாது என்பது எம் துணிபு.

இதனால் ஆற்றுப்படை குறையற்றதென்று கொள்ளவேண்டா. அது புரவலனைப் புகழ எழுந்தது. பரதவரின் விருந்தோம்பல் நல்லியக்கோடனின் ஆட்சிச் சிறப்புக்கு அணியாகவே அங்கு நிற்கிறது. பாணன் வீட்டுப் பசியைக் கண்ட புலவர், நுளையர் வீட்டில் மீன் கிடைக்காத நாள் எவ்வாறு கழியும் என்று கேட்கவில்லை. எயிற்பட்டினத்தில் எல்லா நாளும் நிறைவே. சங்க காலத்தை ஒரு பொற்காலமாகவே காட்ட விழையும் கட்டுரையாளர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லுதல் நன்று. எனினும் மக்களை மிகைப்படப் புகழ்தல் வேறு. அவர்கள் அங்கே இருப்பதையே மறைத்தல் வேறு.

வரலாறு பற்றியும் ஒன்று கூறவேண்டும். வழிகாட்டி நூல்கள் புதுவையைப் 'பழைய பிரெஞ்சு நகர்' எனப் பாராட்டும். ஆனால் 1761-இல் நகர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் காணும் வெள்ளை நகர் 1765-க்குப் பின் எழுந்தது. இடிக்கப்படுவதற்கு முந்திய புதுவையை அறிய விரும்புவோன் தெருக்களில் நடப்பதைவிட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பது மேல். 1736 முதல் 1761 சனவரியில் தாம் இறக்கும் வரை அவர் எழுதியதில் கப்பல் வரவும் சரக்கு விலையும் வழக்கும் வதந்தியும் நிரம்பியுள்ளன. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரமும் அதிற் பதிவாகியுள்ளது. அவர் நகரைக் காட்சியாகக் கண்டவரல்லர், அதனுள் வாழ்ந்தவர்.

அரிக்கமேடு இதற்கு மாறான வேடிக்கையைத் தருகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர்க் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் அகழ்ந்தாய்ந்த அவ்விடம் உரோமானியர் காலத்து வாணிகத்திற்குச் சான்றாவது உலகறிந்த செய்தி. பெரிப்ளூசு கூறும் பொதுகே அதுவே என்பர். ஆனால் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டன. நிலத்தின்மேல் நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கிறித்தவ மடத்தின் செங்கற் சுவரே. இதனை உரோமானியர் கட்டடமாக எண்ணிப் படமெடுத்துச் செல்வார் பலர். கண்ணுக்குத் தெரிவதே வரலாறு என்னும் கொள்கை கொண்டுபோய்விடும் இடம் இது.

காட்சி என்பதைக் கொண்டே நோக்கினும் இவ்வுரைநடை தன் நிலத்தை முழுமையாகக் கண்டதில்லை. பாரதிதாசன் 1944-இல் வெளியிட்ட 'அழகின் சிரிப்பு' நூலில் 'கடல்' என்னும் பகுதி, ஊருக்குக் கிழக்கேயுள்ள கரையின் மணலைப் பாடித் தொடங்குகிறது. மணலின் நிறத்திற்குக் கீரியின் உடல் உவமையாகிறது. ஊர்ப்பெயர் அங்கில்லை, எனினும் அவர் பிறந்து வாழ்ந்த புதுவையின் கரை அது எனக் கொள்ளுதல் தகும். அம்மணல் பின்னர் அழிந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையில் தென்திசைக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகரும். ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. சுவர்கள் அதனைத் தெற்கே தடுத்து நிறுத்தின. வடக்கே கரை அரிக்கப்பட்டது. நகருக்கு முன்னும் குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் பாறைகள் கொட்டப்பட்டன. கற்குவியல்மீது அமர்ந்து அலையைக் காணலாம் என்கின்றன வழிகாட்டிகள். மீனவனுக்கோ அம்மணல் படகை ஏற்றும் துறை, வலையை உலர்த்தும் களம், மீனை விற்கும் அங்காடி. அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்ததால் ஓரளவு மணல் மீண்டுள்ளது. அது மீண்டதும் முதலில் காட்சியாளர் கூடும் இடத்திலேயே.

ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' போன்ற நூல்களைக் கற்றோர், தமிழ்ப் பயண உரைநடைக்கு மக்களை நோக்கும் ஆற்றல் இல்லை என்று கூறமாட்டார். அயல்நாட்டில் அவர் கட்டடத்தைவிட மனிதரையே தேடினார். அக்கண் உள்ளூர்க் கடற்கரைக்கும் வேண்டும்.

குருசுக்குப்பத்தை அடுத்த வைத்திக்குப்பத்தில் மாசிமகத்தன்று நடைபெறும் தீர்த்தவாரியை வழிகாட்டிகள் 'விழாக்கள்' என்னும் தனிப்பகுதியில் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. மயிலத்து முருகன், தீவனூர் விநாயகர் முதலிய தெய்வங்கள் உள்நாட்டிலிருந்து அன்று கடலுக்கு வருகின்றன. திண்டிவனத்தில் நல்லியக்கோடன் பெயரால் அமைந்த நகரிலிருந்து பெருமாளும் வருகிறார். பாணன் கடலிலிருந்து கிடங்கிலுக்குச் சென்ற வழிக்கு எதிர்வழி இது. இவ்வழியின் ஊர்களையும், அவ்வூர்களில் தெய்வங்கள் தங்கும் இடங்களையும், எதிர்கொள்ளும் குடிகளையும் முறையாகத் தொகுத்தால் ஓய்மாநாட்டு நில அமைப்புப் பற்றிய நம் அறிவு விரிவடையும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் கடற்கரை மீனவர் காற்றுக்கு வழங்கும் பெயர்களுள் குருசுக்குப்பத்தில் வாழ்பவை எவை, எத்திசைக்கும் எம்மாதத்திற்கும் உரியவை என்பதனையும் உடன் திரட்டல் வேண்டும். பத்துப்பாட்டு நெய்தற் பகுதிகளுக்கு உரை காண விழையும் முதுகலை மாணவர் இவ்விரு பணிகளையும் மேற்கொள்ளலாம். பின்னதைக் கட்டுமரக் காலத்தை நினைவிற்கொண்ட முதியோர் இருக்கும்போதே செய்தல் வேண்டும்.