ஒரே பெயரில் ஒரு படமும் ஓர் இசையும்

ஒரு படைப்பு எதைப் பற்றியது என்று கேட்டு, கிடைக்கும் பதில் நமக்கு உவப்பானதாயின் அதனை முற்போக்குப் படைப்பென்று முத்திரையிட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கருப்பொருள் ஒன்றேயாயினும் படைப்புகள் ஒன்றாகிவிடுவதில்லை என்பதை உணர்வதற்கு, 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' என்னும் பெயரைத் தாங்கிய இரு படைப்புகளை ஈண்டு நோக்குவோம். ஒன்று, சோவியத் நெறியாளர் ஐஸன்ஸ்டைன் 1938 இல் வெளியிட்ட திரைப்படம். மற்றையது, அப்படத்துக்கு இசையமைத்த புரோகோபியேவ் அவ்விசையையே திருத்தியமைத்து 1939 மே மாதத்தில் மாஸ்கோவில் அரங்கேற்றிய கன்டாட்டா. அதாவது குழுப்பாடலும் தனிக்குரலும் வாத்தியக்குழுவும் இணைந்த, ஏழு பகுதிகளைக் கொண்ட இசைப்படைப்பு.

1242 இல், உறைந்த பெய்ப்பஸ் ஏரியின்மீது ஜேர்மானிய சிலுவைப் படையினரை ருஷ்யர் முறியடித்ததே படத்தின் கதை. நாஸிகளின் படையெடுப்பை எதிர்நோக்கியிருந்த மக்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நொவ்கொரொட் நகரத்துச் செல்வர்கள் பகைவனுடன் சமரசம் பேச விழைகின்றனர். கைவினைஞரும் உழவருமே ஆயுதம் ஏந்துகின்றனர். இவ்வர்க்க முரண்பாட்டைக் காட்டியமை படத்தின் சிறப்பு. ஆனால் மங்கோலியர் வரிவிதிப்பதற்காக நடத்திய குடிக்கணக்கெடுப்பை அதே நொவ்கொரொட் மக்கள் எதிர்த்தபோது, 1259 இல் அதனை அவர்கள்மீது வலிந்து திணித்தவனும் இதே நெவ்ஸ்கிதான். வெற்றியோடு முடிந்துவிடும் படம் அந்த வரலாற்றைத் தொடுவதில்லை.

1939 ஆகஸ்டில் சோவியத் அரசு ஹிட்லரின் அரசுடன் ஒப்பந்தம் செய்ததும், இப்படம் திரையரங்குகளிலிருந்து அகற்றப்பட்டது. பாசிசத்துக்கெதிராகப் படமெடுத்த ஐஸன்ஸ்டைன், 1940 இல் பொல்ஷோய் அரங்கில் வாக்னரின் இசைநாடகமொன்றை நெறிப்படுத்தினார். 1941 ஜூனில் ஜேர்மன் படைகள் எல்லையைக் கடந்த பின்னர் படம் மீண்டும் திரைக்கு வந்தது. படம் மாறவில்லை, அரசின் தேவைதான் மாறியது. கலை மக்களுக்காக என்று கூறும் நாம் இந்நிகழ்ச்சியை மறைக்கலாகாது.

படத்தில் காட்சியும் இசையும் எவ்வாறு கலந்தன என்பதும் ஆராய்தற்குரியது. சில காட்சிகளுக்குப் பின்னர் இசை எழுதப்பட்டது. வேறு சில, முன்னரே எழுதப்பட்ட இசைக்கேற்பத் தொகுக்கப்பட்டன. போருக்கு முந்திய விடியற்காலையைக் காட்டும் பன்னிரண்டு காட்சித் துண்டுகளில், படத்தின் கோடுகளும் இசையின் போக்கும் ஒன்றோடொன்று இயைவதை ஐஸன்ஸ்டைன் வரைபடம் கொண்டு நிறுவ முயன்றார். மார்க்சிய இசையமைப்பாளரான ஐஸ்லர், அடோர்னோவுடன் சேர்ந்து எழுதி 1947 இல் வெளிவந்த நூலில் இதனை மறுத்தார். தாளில் எழுதிய சுரக்குறிகளின் வடிவம் வேறு, செவியில் விழும் ஒலி வேறு என்பது அவர்கள் வாதம். இவ்விடயத்தில் ஐஸ்லரின் பக்கமே நியாயம் உள்ளதென்பது நம் கருத்து. அவ்விடியல் நம்மைப் பற்றிக்கொள்வது கோடுகளின் ஒற்றுமையால் அன்று. அசைவற்று நிற்கும் மனிதரின் காத்திருப்பால்.

இரு படைப்புகளும் பிரியும் இடம் போர்முடிந்த களமாகும். படத்தில், தீப்பந்தம் ஏந்திய ஒல்கா என்னும் பெண் வீழ்ந்தோரிடையே தேடிச் செல்கிறாள். அவளை மணக்கப் போட்டியிடும் வீரர் இருவரை நாம் முன்னரே அறிவோம். ஆதலின் நமது கண் அவர்களையே தேடுகிறது. இருவரும் பிழைக்கின்றனர், கதை மணப்பேச்சில் இனிதே முடிகிறது. கன்டாட்டாவின் ஆறாம் பகுதியில் அதே பாடலை ஒரு தாழ்ந்த பெண்குரல் தனித்து இசைக்கிறது. அங்கே முகங்கள் இல்லை. பிழைத்தவர் எவரெனக் காட்டுவாரும் இல்லை. போரின் பேரோசைக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும் இடையில் ஒலிக்கும் அக்குரல், மாண்டோர் அனைவருக்குமான துயராக விரிகிறது. வெற்றிக்கு மக்கள் கொடுத்த விலையைப் படத்தினும் ஆழமாகச் சொல்வது இசையே.

எனினும் இசை இழந்ததும் உண்டு. செல்வரும் உழைப்போரும் எதிரெதிர் நின்ற முரண்பாடு கன்டாட்டாவில் இல்லை. அங்கு எல்லோரும் வேற்றுமையற்ற ருஷ்ய மக்களே.

ஆகவே, 'நெவ்ஸ்கி முற்போக்கான படைப்பா?' என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. எந்த நெவ்ஸ்கி, எந்தப் பகுதி, எந்த ஆண்டில், யார் கையில் என்று கேட்டே விடை காண வேண்டும். தலைப்பையும் கருப்பொருளையும் கண்டு தீர்ப்பளிப்பது எளிது. மாணவருக்குப் படைப்பையே திறந்து காட்டுவதுதான் நம் கடமை.