தேங்கிய கருவும் தேடப்படும் குற்றவாளியும்
‘ஏக் டாக்டர் கி மௌத்’ திரைப்படம் குறித்து ஒரு திறனாய்வு

தபன் சின்ஹா இயக்கி 1990-இல் வெளிவந்த ‘ஏக் டாக்டர் கி மௌத்’, அதாவது ‘ஒரு மருத்துவரின் மரணம்’, என்னும் இந்தித் திரைப்படத்தை இறையியல் இதழில் ஆராய்வானேன் என்று சிலர் வினவக்கூடும். இப்படத்தைப் பார்த்து மனங்கலங்கிய மாணவர் பலரை நாம் அறிவோம். அவர்கள் கலங்கியது நியாயமே. எனினும் எதைக் கண்டு கலங்கினர், எதைக் காணாது விட்டனர் என்பதை எண்ணிப் பார்க்கையில், இப்படத்தின் குறையும் நம் பிரசங்கபீடங்களின் குறையும் ஒன்றே என்பது நமக்குப் புலனாகிறது.

கதை ரமாபத சௌதுரியின் ‘அபிமன்யு’வைத் தழுவியது. அதன் பின்னே நிற்பவர் கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்கு 70 நாட்களுக்குப் பின், அக்டோபர் 3-இல், முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை கல்கத்தாவில் பிறந்தது. ஊக்கிநீர் கொடுத்துக் கருமுட்டைகளை முதிரச் செய்து, கருவை உறைய வைத்து, 53 நாட்கள் கழித்து அதைத் தாயின் கருப்பையில் வைத்தார் அவர். அந்நாளில் உலகில் எவரும் இவ்வழியில் வெற்றி கண்டதில்லை. மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. கண் மருத்துவ நிலையத்துக்கு அவர் மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தைக்குக் காரணமான அறிவியலாளர் டி. சி. ஆனந்தகுமார், 1997-இல் முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, முதன்மை தமக்குரியதன்று, அவருக்கே உரியது என்று எழுதினார். தமக்குக் கிடைத்த புகழைத் தாமே முன்வந்து மறுத்த அச்செயலைச் சபையார் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இனிப் படத்துக்கு வருவோம். பங்கஜ் கபூர் ஏற்ற மருத்துவர் தீபாங்கர் ராய் கண்டுபிடிப்பது குழந்தைப்பேற்றுக்கான வழியன்று. குஷ்டரோகத்துக்கான தடுப்பு மருந்து. இம்மாற்றத்தைச் சிறிய கலையுரிமை என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. குஷ்டரோகம் யாவருடைய இரக்கத்தையும் எளிதில் பெறுவது. நற்செய்தி நூல்களில் அதற்கு இடமுண்டு. கரிகிரியையும் பால் பிராண்டையும் அறிந்த தமிழ்த் திருச்சபைக்கு அது பழகிய ஊழியம். அந்நோய்க்கு எதிராகப் போராடுபவரை ஐயுறுவோர் யார்? கண்ணாடித் தட்டில் மனிதக் கருவை உருவாக்கும் மருத்துவரோ அவ்வளவு எளிதில் வீரராகிவிட மாட்டார். அவரைப் பற்றிக் கேள்விகள் எழும். பிறந்த குழந்தையைப் பற்றி மட்டுமன்று, பிறவாத கருக்களைப் பற்றியும் எழும். நோயை மாற்றிய இயக்குநர் இக்கேள்விகளிலிருந்து தம்மையும் நம்மையும் தப்புவித்துவிட்டார். கருவும் போயிற்று, கருவுக்காகக் காத்திருக்கும் பெண்ணும் போனாள்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. படத்தில் தோல்வி யாவும் வெளியிலிருந்தே வருகிறது. பொறாமை கொண்ட உடன்பணியாளர், செருக்குள்ள அதிகாரி, மறைக்கப்பட்ட கடிதம், தொலைவான ஊருக்கு மாற்றம். இவர்கள் இல்லாதிருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும் என்றே பார்ப்பவர் எண்ணுவர். முகோபாத்யாயின் வாழ்வைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மையே. ஆனால் அவர் கைவைத்த அந்தத் துறையில் மிகுதியான தோல்விக்குப் பகைவர் எவரும் காரணரல்லர். இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரும் முதல் குழந்தை பிறக்குமுன் பல ஆண்டுகள் எத்தனையோ பெண்களிடம் முயன்று தோற்றனர். இன்றும், நல்ல கருவிகளும் தேர்ந்த கைகளும் உள்ள ஆய்வகத்திலேயே, கருவுற்ற முட்டைகளில் ஏறத்தாழப் பாதிதான் ஐந்தாம் ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் என்னும் நீர்க்கோள நிலையை எட்டுகின்றன. எஞ்சியவை இடையில் நின்றுவிடுகின்றன.

ஏன் நிற்கின்றன? போதகர் இதனைச் சற்று விரிவாகவே அறிந்திருக்க வேண்டும். கருவுற்ற முட்டை முதல் இரண்டு மூன்று நாட்கள் தன் சொந்த முதலில் வாழ்வதில்லை. தாயின் முட்டை சேமித்து வைத்திருந்த செய்திகளையும் புரதங்களையும் செலவழித்தே அது இரண்டாக, நான்காகப் பிரிகிறது. நான்கு செல் நிலைக்கும் எட்டு செல் நிலைக்கும் இடையில்தான் அதன் சொந்த மரபணுக்கள் முதன்முதலாகப் பேசத் தொடங்குகின்றன. பிரௌட், போல்ட்டன், மூர் என்னும் ஆய்வாளர் இதனை 1988-இல் வெளியிட்டனர். தந்தை வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் தனிக்குடித்தனம் போகும் நாள் போன்றது அது. உள்ளே குறையிருந்தால் அதுவரை மறைந்திருந்து, அந்நாளில் வெளிப்படும்.

குறைகளில் முதன்மையானது குரோமோசோம் கணக்கு. தந்தை தாய் இருவரிடமிருந்தும் 23, 23 வந்து 46 ஆக வேண்டும். பெண்ணின் முட்டைகளோ அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்திப் பல பத்தாண்டுகள் காத்திருப்பவை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு காலப்போக்கில் தளர்கிறது. ஆகவே வயது ஏற ஏறக் கணக்குப் பிழைகள் மிகுகின்றன. இளம்பெண்ணின் முட்டையிலும் பிழை இல்லாமலில்லை. கருவுற்ற பின்னரும் முதல் சில பிரிவுகளில் பிழை நேர்கிறது. ஒரு செல் இரண்டாகாமல் ஒரேயடியாக மூன்றாகப் பிரிவதுண்டு. இவ்வாறு குழம்பிய கருக்களே தேங்கியவற்றுள் மிகுதி என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிவை நடத்தும் சென்ட்ரியோல் விந்தணுவின் வழியாகவே வருகிறது என்பதால் தந்தையின் பங்கும் இதில் உண்டு. முட்டையின் சேமிப்பையே குலைக்கும் அரிய மரபணு மாற்றங்கள் சில குடும்பங்களில் இருக்கின்றன. அத்தகைய பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் கருக்கள் ஒரே கட்டத்தில் நிற்கும். ஆய்வகத்தின் வெப்பமும் காற்றும் கெட்டாலும் கரு கெடும், ஐயமில்லை. ஆயினும் எல்லாத் தேக்கத்துக்கும் அதுவே காரணமன்று. மருந்தொன்றும் தொடாத மண வாழ்விலும், மாதவிலக்கு தவறுமுன்னரே, ஒருவரும் அறியாமல் பல கருக்கள் இவ்வாறு முடிந்துபோகின்றன.

மணவாள நகரைச் சுற்றிய எமது வட்டாரத்தில், காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகளில் முறைவேலை செய்யும் இளம் தம்பதியர் பலர். விடுப்பெடுத்து, கடன் வாங்கி, மின்சார ரயிலேறிச் சென்னை மருத்துவமனைகளுக்குப் போய்வருகிறார்கள். ‘எட்டு முட்டை எடுத்தார்கள் ஐயா, ஐந்து கருவானது, மூன்றாம் நாளே எல்லாம் நின்றுவிட்டதாம்’ என்பது போன்ற சொற்களைப் போதகர்கள் இப்போது கேட்கிறார்கள். (மணவாளனின் பெயர் தாங்கிய ஊரில் மலடி என்ற வசைச்சொல் இன்னும் வழக்கொழியவில்லை.) அப்போது நாம் என்ன சொல்கிறோம்? விசுவாசக் குறைவு, முன்னோர் சாபம், மறைவான பாவம், பெண் வேலைக்குப் போனது. படத்தைப் போலவே நமக்கும் ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது. படம் அவனை அலுவலகத்தில் கண்டது, நாம் பெரும்பாலும் மருமகளிடம் காண்கிறோம். யோவான் 9-இல் சீஷர்கள் கேட்ட கேள்வியையும் ஆண்டவர் அதனை ஏற்க மறுத்ததையும் நாம் எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாட்கள் பேசாதிருந்தவரையில் நல்ல போதகர்களாகவே இருந்தார்கள்.

இன்னொரு புறம் ‘கருவுற்ற நொடியிலேயே முழு மனிதன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோரும் உளர். அவர்கள் சங்கீதம் 139-ஐக் காட்டுகிறார்கள். அங்கு 16-ஆம் வசனத்தில் வரும் ‘கோலெம்’ என்னும் எபிரெயச் சொல் உருவம் பெறாத ஒன்றைக் குறிப்பது. எபிரெயத் திருமறையில் வேறெங்கும் வாராதது. உருவாகாததையும் தேவன் காண்கிறார் என்பதே அச்சங்கீதத்தின் துதி. அதனை உயிரியல் வரையறையாக்குவது சங்கீதக்காரனுக்குச் செய்யும் அநீதி. மேலும் அவ்வரையறையைக் கைக்கொண்டால், மனிதரில் பெரும்பகுதியினர் பெயரின்றி, ஒரு வாரமும் வாழாமல் மறைகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல நேரும். அதைச் சொல்ல அவர்கள் ஆயத்தமாயில்லை. அகுஸ்தீன் தம் ‘என்கிரிடியோன்’ 85-ஆம் அதிகாரத்தில் உருப்பெறாத கருக்கள் உயிர்த்தெழுமா என்று ஆராய்கிறார். முளைக்காத விதைபோல் அவை அழியும் என எண்ணத் தோன்றுகிறது என்கிறார். ஆனால் குறைவுபட்டதை உயிர்த்தெழுதல் நிறைவாக்கும் என்பதை மறுக்கவும் அவர் துணியவில்லை. மறுக்கவும் துணியாமல் உறுதிகூறவும் துணியாமல் நின்ற அந்த ஆயரின் தயக்கம், நம்முடைய ஒற்றை வரியைவிட உண்மைக்கு அருகில் உள்ளது என்பது எமது துணிபு.

படத்தின் சிறப்பையும் சொல்லவேண்டும். பங்கஜ் கபூரின் நடிப்பில் அறிவின் வெறியும் அவமானத்தின் மௌனமும் மெய்யாய் நிற்கின்றன. மனைவியாக வரும் ஷபானா ஆஸ்மி, கணவனின் ஆராய்ச்சிக்கு விலைகொடுப்பவள் யார் என்பதை அதிகம் பேசாமலே உணர்த்துகிறார். முடிவைப் பற்றியே எமக்கு ஐயம். தீபாங்கர் சாகவில்லை, அயல்நாட்டு அழைப்பை ஏற்றுக்கொள்கிறார். முகோபாத்யாய்க்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை.

குருத்துவக் கல்லூரிகளில் இதைத் திரையிடுவோர், மறுநாளே கரு ஆய்வகத்தில் பணியாற்றும் ஒருவரை அழைத்து, அன்றாடம் அவர் நுண்காட்டியில் எண்ணும் நான்கு செல், எட்டு செல், தேக்கம் என்னும் குறிப்புகளை மாணவர்முன் விளக்கச் செய்யலாம். ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலில் பிள்ளை பெற்ற பெண் நன்றிகூறும் ஒழுங்கு 1549 முதலே உண்டு. ஐந்து கருக்களும் நின்றுபோன பெண் சனிக்கிழமை மாலை குருமனைக் கதவைத் தட்டினால் எந்த ஜெபத்தைத் திறப்பது என்ற கேள்வியை அவ்வகுப்பிலேயே அவர்கள் எழுதிப் பார்க்கட்டும்.