மேடையில் மெய்ப்பாடு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு சொன்னார். உள்ளத்தில் எழும் உணர்வு தன்னாலேயே உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. தேர்தல் மேடையைப் பார்க்கும் நம்மட ஆக்களும் இதைத்தான் தேடுகின்றனர்: "ஆள் உண்மையாத்தான் கதைக்கிறாரா, நடிக்கிறாரா?"

இதற்கு மேடையில் மட்டும் விடை கிடைக்காது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 வீதம். 2024இல் முதற்சுற்று எண்ணிக்கையிலேயே 42.31 வீதம். ஊழலை அவர் அன்றும் சாடினார், பிறகும் சாடினார். இடையில் பெரிதாக மாறியது கேட்டவர்களின் நிலைதான். 2022இல் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அதே பேச்சு மெய்யாகப் பட்டது. 2019இல் 52.25 வீதம் பெற்ற கோட்டாபய ராஜபக்ஷவும் 'அரசியல்வாதி அல்லாதவர்' என்றுதானே பலருக்கும் மெய்யாகத் தெரிந்தார்?

ஆக, மெய்யாகத் தெரிவது வேறு. மெய்யாக இருப்பது வேறு. தெரிவதில் பாதி நம்முடைய தேவை.

அப்படியென்றால் எதை வைத்து மதிப்பிடுவது? எங்கட ஊர் மேடையில் ஸலாம் சொல்லித் தொடங்குவதும் தொப்பி போடுவதும் உரைகல் அல்ல. கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது அந்த வேட்பாளர் எங்கே, யார் முன்னால் வாய் திறந்தார்? நம்மிடம் தமிழில் சொன்னதைச் சிங்கள ஊர் மேடையிலும் சொன்னாரா? வாக்குக் கேட்காத நாட்களில் அவர் பேசியது என்ன? வாக்களிக்க முதல் ஹன்சாட்டையும் ஒருக்கா புரட்டிப் பார்ப்பது நல்லது.